பட்டம் ஆயுளுக்கும், ரேட்டிங் அடுத்த ஆட்டம் வரைக்கும்

2023 அக்டோபரில் கத்தாரில் மூன்றாவது நார்மையும் எடுத்துவிட்டார் செஸ் வீராங்கனை வைஷாலி. ஆனாலும் அன்று அவர் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை. மூன்று நார்ம்களோடு, ரேட்டிங்கும் ஒருமுறையாவது 2500-ஐத் தொட வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் ஸ்பெயினில் ஒரு ஓபன் போட்டியின் இரண்டாம் சுற்றில் ஜெயித்த பிறகுதான் அது கைகூடியது.

நார்ம் என்றால், ஒரு போட்டி முழுக்க 2600 ரேட்டிங்காரருக்கு நிகராக ஆடிக் காட்டுவது. பெரும்பாலும் ஒன்பது சுற்று. எதிரில் உட்காருபவர்களில் கிராண்ட்மாஸ்டர்களும் வெளிநாட்டவரும் போதிய அளவில் இருக்க வேண்டும். அதற்காகவே நம் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். விமான டிக்கெட்டும் அறை வாடகையும் வீட்டார் தலையில்தான். பின்னாளில் உலக சாம்பியன் ஆன குகேஷின் அப்பா ரஜினிகாந்த், காது மூக்கு தொண்டை மருத்துவர், தன் தொழிலையே நிறுத்திவிட்டு மகனுடன் ஊர் ஊராகச் சென்றார்.

பட்டம் ஆயுளுக்கும் போகாது. ரேட்டிங் அப்படியில்லை. 2500 உள்ளவர் 2300 உள்ளவரோடு மோதுகிறார் என்று வையுங்கள். ஜெயித்தால் 2.4 புள்ளி கூடும். டிரா ஆனாலே 2.6 போய்விடும், தோற்றால் 7.6. எதிரில் இருப்பதோ, நிஜ பலம் இன்னும் ரேட்டிங்கில் ஏறாத பன்னிரண்டு வயதுப் பையன்! ஐந்து மணி நேரம் போராடி டிரா செய்துவிட்டு எழும் கிராண்ட்மாஸ்டரின் முகத்தில் அந்தக் கணக்கு அப்படியே தெரியும்.

வருமானம்? 2024-இல் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன போட்டியின் மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். அந்த மேடை சிலருக்குத்தான். 1988-இல் ஆனந்த் ஒருவரே இருந்த இந்திய கிராண்ட்மாஸ்டர் பட்டியலில் இன்று 80 பேருக்கு மேல். பலருக்கும் சோறு போடுவது பொதுத்துறை எண்ணெய் நிறுவன வேலை, வார இறுதிகளில் நடக்கும் ஜெர்மன் லீக், பயிற்சி வகுப்பு. சென்னையில் கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ் தன் ஆட்டத்தை ஒதுக்கிவைத்துப் பயிற்சிக்கே தன்னைக் கொடுத்துவிட்டார்; பிரக்ஞானந்தா அவரிடம் வளர்ந்தவர்.

இன்னொரு வேலையும் உண்டு; நாம் அதிகம் பேசாதது. பெரிய ஆட்டக்காரருக்கு உதவியாளராக இருப்பது. கொல்கத்தா கிராண்ட்மாஸ்டர் சூர்யசேகர் கங்குலி 2008, 2010, 2012 உலகப் போட்டிகளில் ஆனந்தின் குழுவில் இருந்தார். எதிராளி எதிர்பார்க்காத நகர்வுகளைத் தேடி, ஓட்டை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோதித்து, ஆட்டத்துக்கு முன் கையில் கொடுப்பது இவர்கள் பொறுப்பு. கண்டுபிடித்ததைத் தன் ஆட்டத்தில் போட்டு ரேட்டிங் ஏற்றிக்கொள்ள முடியாது; ரகசியம் காக்க வேண்டும். 2008-இல் பான் நகரில் மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் ஒரே ஓபனிங் வழியில், கறுப்புக் காய்களோடு எதிராளி கிராம்னிக்கை வீழ்த்தினார் ஆனந்த். ஸ்கோர் தாளில் இரண்டே பெயர்கள். அந்த வழியைத் தயாரித்துக் கொடுத்த குழுவின் பெயர் அதில் இல்லை.