தேர் ஓடாத தைப்பூசம்

2020 பிப்ரவரி 8ஆம் தேதித் தைப்பூசத்தை ஒட்டி, பினாங்கில் தேர் வரும் வழியெங்கும் வழக்கம்போல் தேங்காய்கள் குவியல் குவியலாய் உடைபட்டன. தமிழர்களோடு சீனர்களும் நேர்ந்துகொண்டு உடைப்பது தண்ணீர்மலை முருகன் கோயில் திருவிழாவின் பெருமை. அதற்குப் பிறகு ஆறு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 18இல் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மலேசியாவையே வீட்டுக்குள் அடைத்தது. அடுத்த தைப்பூசம் 2021 ஜனவரி 28. இரண்டு வாரத்துக்கு முன்பே பினாங்கு மறுபடி முடக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு தேர் ஓடவில்லை.

தேர் ஓடாததைப் பக்தர்களின் ஏக்கமாக மட்டுமே பேசினோம். தேங்காய்க்குப் பின்னால் தோப்புக்காரர் இருக்கிறார், மட்டை உரிப்பவர் இருக்கிறார், லாரிக்காரர் இருக்கிறார். பால்குடத்துக்குப் பின்னால் நாலைந்து மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பம் இருக்கிறது. முடக்கம் என்று மாடு பால் சுரப்பதை நிறுத்துமா? தீவனக் கடனும் நிற்காது. வாங்கும் கை மட்டும்தான் நின்றுபோனது.

முதல் முடக்கத்தின்போது சந்தைகள் மூடி, போக்குவரத்தும் சுருங்கியதால் கேமரன் மலை விவசாயிகள் விளைந்த காய்கறிகளைக் கொட்டி அழித்தார்கள். ஜார்ஜ் டவுனுக்கு மேற்கே, மலைக்கு அப்பால் பாலிக் பூலாவில் 2021இலும் டுரியான் காய்த்து விழுந்தது. பழம் தின்னவே வெளிமாநிலத்திலிருந்து வண்டி கட்டி வருகிறவர்களைத்தான் காணோம். மாநில எல்லைகள் அக்டோபர் 11 வரை திறக்கவில்லை.

அரசு உதவவில்லை என்று சொல்ல முடியாது. 4,000 வெள்ளிக்கு உட்பட்ட வருமானக் குடும்பங்களுக்கு 2020 ஏப்ரல், மே மாதங்களில் 1,600 வெள்ளி வரை கிடைத்தது. ஆனால் மாதந்தோறும் கைகொடுத்த சம்பள உதவித்தொகை, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிவான தொழிலாளருக்கு முதலாளி வழியாக வந்தது. ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கலாம் என்றார்கள். சேமநிதிக் கணக்கே இல்லாதவர் எதை எடுப்பார்? சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பு கணக்கில் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2021 ஜூன் இறுதியில், சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைத் துணி கட்டி உதவி கேட்கும் நிலை வந்தது.

சுயதொழில் செய்வோருக்கென 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2020 ஜனவரியில் விவசாயம், கால்நடை, மீன்பிடிப்பு ஆகியவையும் அதில் சேர்க்கப்பட்டன. வேலையில் அடிபட்டால் அது காக்கும். வருமானம் நின்றால் காக்காது. வேலை இழந்தோருக்கான காப்புறுதியோ சம்பளக்காரருக்கு மட்டும். மாடு வளர்ப்பவரும் மட்டை உரிப்பவரும் சிறு தொகை செலுத்தி அந்தப் பாதுகாப்பைப் பெற வழிசெய்யும் திருத்தத்தை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டு வாங்க வேண்டும்.