பார்வையற்றோரின் எழுத்தும் தொழிலும்: சீனம் முதல் இந்தியா வரை

சீன மொழியில் ‘மை’ என்றோர் ஓரசைச் சொல் உண்டு. குரலைத் தாழ்த்தி மீண்டும் உயர்த்தி ஒலித்தால் அதற்கு ‘வாங்குதல்’ என்று பொருள். குரலை உயரத்திலிருந்து சட்டென இறக்கி ஒலித்தால் ‘விற்றல்’ என்று பொருள். கண்ணால் படிப்போருக்கு இதில் குழப்பமில்லை. இரண்டு சொற்களுக்கும் தனித்தனி எழுத்துருக்கள் உள்ளன. விரலால் தடவிப் படிக்கும் சீனப் பிரெய்ல் முறையிலோ, குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி இடப்படாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே அமையும். நெடுங்காலம் வரை, தேவை என்று தோன்றிய இடத்தில் மட்டுமே அந்தக் குறி இடப்பட்டது. மற்ற இடங்களில் முன்பின் உள்ள சொற்களைக் கொண்டு வாசகரே பொருளை ஊகித்தறிய வேண்டியிருந்தது. கதையில் ஊகிக்கலாம், மருந்தின் பெயரையும் ஒப்பந்தப் பத்திரத்தின் விதியையும் ஊகிக்க இயலுமா?

பார்வையற்ற ஒருவர் எத்தொழிலைச் செய்யலாம் என்பதை அவருடைய கண்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவருக்கு எவ்வகை எழுத்து கிடைத்திருக்கிறது, எந்தத் தேர்வை எழுத அவருக்கு அனுமதி உண்டு, சட்டம் அவருக்கு எந்த வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது என்பவையும் தீர்மானிக்கின்றன. பல நாடுகளின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஆறு புள்ளிகளில் சீனம்

பிரான்சு நாட்டின் கூப்வ்ரே என்னும் சிற்றூரில் 1809இல் பிறந்த லூயி பிரெய்ல், தந்தையின் தோல் பட்டறையில் நேர்ந்த விபத்தால் சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். தமது பதினைந்தாம் வயதில் அவர் வகுத்த முறை 1829இல் நூலாக வெளிவந்தது. ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள். அவற்றை மாற்றி மாற்றி அமைத்தால் கிடைப்பவை 63 வடிவங்கள். இருபத்தாறு எழுத்துகள் கொண்ட மொழிக்கு இவை தாராளமாகப் போதும். ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் கொண்ட சீன மொழிக்கு எப்படிப் போதும்?

இதற்கு ஒரே வழி, எழுத்துருவை விட்டுவிட்டு ஒலியை எழுதுவதுதான். ஸ்காட்லாந்திலிருந்து பீக்கிங் சென்ற வில்லியம் ஹில் மரே என்னும் சமயப் பணியாளர் 1870களில் இம்முயற்சியில் இறங்கினார். மரம் அறுக்கும் ஆலையில் ஒரு கையை இழந்தவர் அவர். பீக்கிங் வழக்கில் உள்ள நானூறுக்கும் மேற்பட்ட அசைகளுக்கு வரிசை எண் கொடுத்து, அந்த எண்களைப் புள்ளிகளால் குறித்தார். மாணவர் எண்ணைத் தடவி அசையை நினைவுகூர வேண்டும்.

இன்றைய முறைக்கு அடித்தளம் இட்டவர் பார்வையிழந்த சீன அறிஞரான ஹுவாங் நை. அவர் 1952இல் வகுத்த திட்டத்தில் ஓர் அசையின் முதல் ஒலிக்கு ஒரு கட்டமும், எஞ்சிய ஒலிக்கு மற்றொரு கட்டமும் அமைந்தன. ‘மை’ என்பதை எழுத வேண்டுமானால், முதற்கட்டத்தில் 1, 3, 4 ஆகிய புள்ளிகளும், அடுத்த கட்டத்தில் 2, 4, 6 ஆகிய புள்ளிகளும் எழும். குரலின் ஏற்ற இறக்கத்துக்கு மூன்றாவது கட்டம் வேண்டும். பிரெய்ல் தாள் தடித்தது. நூலோ இயல்பாகவே பருமனாக அமைவது. ஒவ்வோர் அசைக்கும் மூன்றாவது கட்டம் சேர்த்தால் நூலின் பருமன் இன்னும் பெருகும். ஆகவே பெரும்பாலான இடங்களில் அக்குறி விடப்பட்டது. 1970களில், குரற்குறியையும் சேர்த்து ஓர் அசையை இரண்டே கட்டங்களில் அடக்கும் மாற்று முறை உருவானது. ஆயினும் பழகிய முறையை அதனால் அகற்ற இயலவில்லை.

2018 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த தேசியப் பொதுப் பிரெய்ல் திட்டம் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வைக் கண்டது. இதன்படி ஒவ்வோர் அசையின் குரலும் ஐயமின்றித் தெரிய வேண்டும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, குறிப்பிட்ட முதல் ஒலிகளுக்குப் பின் குறிப்பிட்ட ஒரு குரலுக்கு மட்டும் குறி இடுவதில்லை. குறி இல்லாமையே அங்கே ஒரு குறியாகிவிடுகிறது.

ஒலியை எழுதுவதில் மற்றொரு விளைவும் உண்டு. பேச்சு வேறுபட்டாலும் சீன எழுத்துரு மக்களை ஒன்றிணைக்கிறது என்பர். ஆனால் ஒலியைப் பின்பற்றும் பிரெய்ல் அவ்வாறு இணைப்பதில்லை. ஹாங்காங்கில் காண்டனீஸ் மொழிக்குத் தனிப் பிரெய்ல் உண்டு. தைவானில் அந்நாட்டின் ஒலிக்குறிகளைத் தழுவிய வேறொரு பிரெய்ல் உண்டு. பெய்ஜிங்கில் படித்த ஒருவர் தைபெயில் மீண்டும் புதிதாகக் கற்க வேண்டும்.

நம் நாட்டு நிலை இதற்கு நேர்மாறானது. 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில், இந்திய மொழிகளின் ஒத்த ஒலிகளுக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளி வடிவங்கள் தரப்பட்டன. தமிழின் ‘க’வும் இந்தியின் ‘க’வும் விரலுக்கு ஒன்றே. லகர, ளகர, ழகரங்களுக்குத் தனித்தனி வடிவங்கள் இருப்பதால், பார்வையற்ற தமிழ் மாணவர் கற்கும் எழுத்துக்கூட்டும் மற்றவர் கற்கும் எழுத்துக்கூட்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

கைகளுக்கு ஒதுக்கப்பட்ட தொழில்

கிழக்காசிய நாடுகளில் பார்வையற்றோரின் தொழில் என்றதும் மக்கள் நினைவுக்கு வருவது மசாஜ் சிகிச்சை. ஜப்பானில் இம்மரபு மிகப் பழமையானது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுகியாமா வாயிச்சி என்னும் பார்வையற்ற மருத்துவர், அக்குபங்சர் ஊசியைச் சிறு குழாயின் வழியே செலுத்தும் முறைக்காக இன்றும் போற்றப்படுகிறார். ஜப்பானியப் பார்வையற்றோர் பள்ளிகளில் மசாஜ், அக்குபங்சர், மூலிகைச் சூட்டுச் சிகிச்சை ஆகியவை இன்றளவும் தொழிற்பாடங்களாக உள்ளன.

சீனாவிலும் இதுவே முதன்மைத் தொழில். பெய்ஜிங் மசாஜ் மருத்துவமனை 1958 முதல் இயங்கிவருகிறது; அங்கே பார்வையற்ற மருத்துவர்கள் பணிபுரிகின்றனர். பி ஃபெய்யூ என்னும் எழுத்தாளர் இத்தொழிலாளரின் வாழ்வைக் களமாகக் கொண்டு 2008இல் எழுதிய நாவல், அந்நாட்டின் உயரிய இலக்கியப் பரிசான மாவ் துன் பரிசைப் பெற்றது.

ஒரு தொழிலை ஒரு பிரிவினருக்கே ஒதுக்குவது அவர்களைக் காக்கும் நிழலா, கட்டிப்போடும் வேலியா? 2008ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில், இரண்டு நாடுகள் இக்கேள்விக்கு எதிரெதிர் விடைகளை அளித்தன.

தென்கொரியாவில் மசாஜ் தொழிலுக்கான உரிமம் பார்வையற்றோருக்கு மட்டுமே உரியது. இது பிறரின் தொழில் உரிமையைப் பறிக்கிறது என்று கூறி, இதற்கான விதியை 2006 மே மாதம் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கியது. வாழ்வாதாரம் பறிபோனதாகக் கருதிய பார்வையற்றோர் சியோல் நகரின் ஹான் ஆற்றுப் பாலத்தில் திரண்டனர். சிலர் ஆற்றில் குதித்தும் எதிர்ப்பைக் காட்டினர். நாடாளுமன்றம் அவ்வாண்டிலேயே அந்த ஒதுக்கீட்டை மருத்துவச் சட்டத்தில் நேரடியாகச் சேர்த்தது. அதே நீதிமன்றம் 2008 அக்டோபர் 30 அன்று அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

மறுநாள், அக்டோபர் 31 அன்று, தைவானின் அரசமைப்பு நீதிபதிகள் தங்கள் நாட்டின் அதே வகை ஒதுக்கீட்டைச் செல்லாது என அறிவித்தனர்; மூன்றாண்டுகளுக்குள் அது காலாவதியாகும் என்றனர். பிறரின் தொழில் உரிமையோடு மற்றொன்றையும் அவர்கள் கருதினர்: மசாஜ் ஒன்றே போதும் என்னும் எண்ணம், பார்வையற்றோரின் பிற திறமைகளை அரசு கவனியாமல் விடுவதற்கு இடம் தருகிறது.

இரண்டு தீர்ப்புகளிலும் நியாயம் உண்டு. வேறு வாயில்கள் திறவாத நிலையில், திறந்திருக்கும் ஒரே வாயிலை அடைப்பது கொடுமை. அந்த ஒரு வாயிலைக் காட்டியே மற்றவற்றைத் திறவாமல் விடுவதும் அநீதி.

மற்ற வாயில்கள்

ஸ்பெயின் நாடு வேறொரு வழியை மேற்கொண்டது. 1938இல் நிறுவப்பட்ட ஓன்சே என்னும் பார்வையற்றோர் அமைப்புக்கு, பரிசுச்சீட்டு நடத்தும் உரிமையை அரசு அளித்தது. தெருமுனைகளில் சீட்டு விற்ற பார்வையற்றோருக்கு நிலையான வருவாய் கிடைத்தது. அந்த வருமானத்திலிருந்தே பிரெய்ல் நூல்கள், கல்வி, பயிற்சி ஆகியவற்றுக்கும் பணம் வந்தது. அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டின் ராண்டால்ஃப்-ஷெப்பர்ட் சட்டம், கூட்டாட்சி அரசின் கட்டடங்களில் கடை நடத்தப் பார்வையற்றோருக்கு முன்னுரிமை தந்தது. ஜெர்மனியில் பார்வையற்ற பெண்கள் மார்பகப் புற்றுநோயின் தொடக்கக் கட்டிகளைத் தொட்டறியப் பயிற்சி பெற்று, மருத்துவர்களுக்குத் துணைபுரிகின்றனர். இப்பயிற்சி இந்தியாவுக்கும் வந்துள்ளது.

சீனாவில் திருப்புமுனை தேர்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. பார்வையற்றோர் தேசியத் தேர்வுகளை எழுதும்போது பிரெய்ல் வினாத்தாளோ மின்னணு வினாத்தாளோ உதவியாளரோ தரப்பட வேண்டும் என்று 2008இல் திருத்தப்பட்ட சட்டம் கூறியது. 2014இல்தான் கல்லூரி நுழைவுக்கான தேசியத் தேர்வில் முதன்முறையாகப் பிரெய்ல் வினாத்தாள் வழங்கப்பட்டது. அதுவரை பெரும்பாலோர் தனித் தேர்வு எழுதி, சில கல்லூரிகளின் மசாஜ், இசை போன்ற துறைகளிலேயே சேர முடிந்தது. பொதுத்தேர்வு திறந்தபின் பிற துறைகளுக்கும் வழி பிறந்தது.

இவற்றோடு கணினியும் சேர்ந்தது. திரையில் உள்ளதை உரக்கச் சொல்லும் மென்பொருள், சீன எழுத்துருவைக் காணாதவரும் அதே எழுத்துருவில் எழுத வழிசெய்கிறது. ஒரே ஒலியுடைய பல எழுத்துருக்களுள் எது என்பதை, அது இடம்பெறும் பழகிய சொல்லொன்றைச் சொல்லி மென்பொருள் உணர்த்துகிறது. பார்வையற்றவர் எழுதிய கடிதத்தை இனி யாரும் நேரடியாகப் படிக்கலாம்.

இந்தியாவில் நமது உரிமைகள்

நம் நாட்டில் நாற்காலி பின்னுதல், இசை கற்பித்தல், தொலைபேசி இணைப்பகப் பணி என்று நெடுங்காலம் சுருங்கியிருந்த வட்டம் இப்போது விரிந்துவருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும் உரியது. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன், பொதுத்துறை வங்கியொன்றில் அலுவலராகப் பணியாற்றி, 2015இல் முழுமையாகப் பார்வையற்ற முதல் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரியானார். பார்வையின்மையைக் காரணம் காட்டி நீதிபதிப் பணிக்கான வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது.

தொழிலால் வரும் வருவாயைத் தாமே ஆளும் உரிமையும் தொழிலுரிமையின் ஒரு பகுதியே. பார்வையற்றோர் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டப்படி தகுதி உடையவர்கள் என்பதால், காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, இணைய வங்கிச் சேவை, பாதுகாப்புப் பெட்டகம், சில்லறைக் கடன், கடன் அட்டை ஆகியவற்றை அவர்களுக்கு மறுக்கக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2008இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஒலிவழிகாட்டும் ஏடிஎம் இயந்திரங்களில் செவிப்பொறியைப் பொருத்தி அறிவிப்புகளைப் பிறர் அறியாமல் கேட்கலாம். விசைகளைப் பிரெய்ல் குறிகளால் அறியலாம். ரூபாய்த் தாளின் மதிப்பைச் சொல்லும் ‘மணி’ என்னும் கைப்பேசிச் செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டது. இணைய வழியில் வாடிக்கையாளரை அடையாளம் காணும்போது கண் சிமிட்டச் சொல்வதற்கு மாற்றுவழியும் இருக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பணித்தது.

தங்கள் குடும்பத்திலோ அண்டையிலோ பார்வையற்றவர் இருப்பின், அவருடைய கணக்கை அவர் பெயரிலேயே, அவருடைய கையொப்பம் அல்லது விரல்ரேகையுடன் தொடங்க உதவுங்கள். படிவத்தில் உள்ளதை அவருக்கு முழுமையாகப் படித்துக் காட்டுமாறு கிளை அலுவலரிடம் கேளுங்கள். வாங்குகிறோமா விற்கிறோமா என்பதை ஊகிக்காமல், உறுதியாக அறிந்து கையொப்பமிடும் உரிமை அனைவருக்கும் பொது.