விடுதலும் கைவிடுதலும்

‘விடு’ என்னும் பகுதி தமிழிற் பல சொற்களுக்குத் தாயாய் நிற்பது. சிறையினின்று நீங்குதல் விடுதலை. பற்றறுத்தார் எய்துவது வீடு. அந்திப்பொழுதில் நாம் திரும்பி வந்து தங்குமிடமும் வீடே. நம்மை நம்பிய ஓருயிரை ஆதரவின்றி நீத்தலோ கைவிடுதல். ஒரு பகுதியிற் பிறந்த இச்சொற்களிடையே எத்துணைத் தொலைவு உண்டென்பதைச் சென்ற கோடை விடுமுறையில் யாம் கற்றுக்கொண்டோம். கற்பித்தது ஓர் இகுவானா.

திருவண்ணாமலையிற் பேகோபுரத்திற்கு அணித்தான தெருவொன்றில் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் இல்லம் உளது. அங்கு மாடியில், கம்பிக்கூட்டினுள்ளே, முதுகில் முள்வரிசையும் கழுத்தின்கீழ்த் தொங்குதாடியும் உடைய நாலடி நீளப் பிராணியொன்று இருந்தது. தோழரின் தமையனார் ஐந்தாண்டுகளுக்கு முன்னர் அதனை ஒரு சாண் குட்டியாக விலைக்கு வாங்கினாராம். இப்போது அவர் வேலை ஏற்றுப் பெங்களூர் சென்றுவிட்டார். அண்டை வீட்டார் அஞ்சினர், கூடோ சிறிது. வேலியிற் போகும் ஓணானை மடியிற் கட்டிக்கொண்ட கதையாயிற்று என்று நொந்த தந்தையார், “கிரிவலப் பாதைக்கு அப்பால் மலையடியில் விட்டுவிடுவோம், தழை தின்னும் உயிர்தானே, அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார்” என்றார். அது நல்வழியே என்று யாமும் இசைந்தோம். சாக்கைத் தூக்கவும் முன்வந்தோம். வாயிலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியார் மட்டும், “அங்க அதுக்குத் தண்ணி யாருப்பா வைப்பா?” என்று வினவினார். விடை கூற எம்மால் இயலவில்லை. அன்று சாக்கு வெளியே செல்லவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடி யாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

இகுவானாவை நம்மவர் உடும்பென்று மயங்குவதுண்டு. இரண்டும் வேறு. உடும்பு நம் நாட்டில் இயல்பாக வாழ்வது; பூச்சி, முட்டை, சிற்றுயிர் முதலியவற்றைத் தின்பது. அதனைப் பிடித்தலும் வளர்த்தலும் குற்றம். பச்சை இகுவானாவோ மெக்சிகோ முதல் தென்னமெரிக்கா வரையுள்ள வெப்பக் காடுகளில், நீர்நிலைகளை அடுத்த மரங்களில் வாழ்வது. தழையும் பூவும் கனியுமே அதன் உணவு. பிறக்கும்போது ஒரு சாண் அளவினதாகிய அது, வளர்ந்தபின் வாலுட்பட ஐந்தடி, ஆறடியும் எய்தும். நன்கு பேணினால் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். வாங்குவோர் காண்பது அச்சாண் குட்டியை மட்டுமே. தன் உடலுக்கு வேண்டும் வெப்பத்தை அது வெளியினின்றே பெறுதல் வேண்டும். வெயிலின் புறவூதாக் கதிரும் உணவிற் சுண்ணச் சத்தும் குறைந்தால் எலும்பு மென்மையுற்று வளையும். பல இல்லங்களில் இப்பிராணிகள் நோயுறுவது கொடுமையினாலன்று, அறியாமையினாலேயாம்.

அங்ஙனமாயின், வெயிலும் மரமும் உள்ள மலையில் விட்டால் என்னை எனின், கூறுதும். ஐந்தாண்டு கூட்டினுள் ஊட்டப்பெற்ற உயிர் இரை தேடவும் பகை அறியவும் கற்றதில்லை. திருவண்ணாமலையின் கோடையோ கொடிது. பாறை சுடும், புல் கருகும், அவ்வப்போது தீயும் பற்றும். நாய்க்கோ தாகத்திற்கோ அஃது இரையாதல் கூடும். ஒருகால் பிழைத்துக்கொண்டால் அதனால் விளைவதும் நன்றன்று. பெட்டையொன்று ஒருமுறைக்கு 20 முதல் 70 வரை முட்டையிட வல்லது. போர்ட்டோரிக்கோத் தீவிலும் அமெரிக்காவின் புளோரிடாவிலும் வளர்ப்போரிடமிருந்து தப்பியனவும் விடப்பட்டனவும் பல்கிப் பெருகிப் பயிரையும் கரைகளையும் கெடுத்தன. புளோரிடா அரசு 2021இல் அவற்றைத் தடைசெய்யப்பட்ட உயிர்களின் பட்டியலிற் சேர்த்தது. வறண்டு கிடந்த அண்ணாமலைச் சரிவுகளிற் பல அன்பர்கள் பல ஆண்டுகளாகக் கன்று நட்டு நீர் சுமந்து வளர்த்து வருகின்றனர். அத்தளிர்களிடையே தழை தின்னும் அயல்நாட்டு உயிரை விடுதல் மலைக்கும் செய்யும் தொண்டாகாது.

நிற்க. இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பெற்றது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியல்களிற் கண்ட அயல்நாட்டு உயிர்கள் நான்காம் அட்டவணையில் இடம்பெற்றன. பச்சை இகுவானாவும் அவற்றுள் ஒன்று. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இவற்றை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ என்னும் இணையவாயில் வழியாக அறிவித்துப் பதிவு செய்தல் வேண்டும். முன்னரே வைத்திருந்தோர்க்கு ஆறு திங்கள் தவணை அளிக்கப்பெற்றது. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியனவும் அறிவிக்கத் தக்கன. தோழரின் இல்லத்தார் இதனை அறிந்திலர், தவணையும் கழிந்துவிட்டது. “போய்ச் சொன்னால் வம்பு, இரவில் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?” என்று தந்தையார் கலங்கினார். இரவோடிரவாக விலங்குகளைக் குளக்கரைக்கும் மலையடிக்கும் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் இவ்வச்சமே. ஆயின் மறைத்தலால் ஒரு குற்றம் இரண்டாகுமேயன்றி நீங்காது. வன அலுவலகத்தை நாடி உள்ளவாறு உரைத்து, அவர் காட்டும் வழி நிற்றலே தக்கது.

அதன்பின் புதிய இல்லம் தேடல் வேண்டும். உயிர்க்காட்சிச்சாலைகள் கேட்டவுடன் ஏற்குமென்று எண்ணுதல் தவறு. அவற்றின் இடத்திற்கும் எல்லை உண்டு. பெற்றுக்கொள்ள முன்வரும் ஒருவரை நான்கு வினாக் கேட்டல் நன்று: முழு வளர்ச்சிக்கு ஏற்ற கூடு உளதா? வெயிலும் வெப்பமும் அமைத்திருக்கின்றாரா? ஊர்வனவற்றிற்கு மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவர் அணித்தே உளரா? இன்னும் பத்தாண்டு இதனைப் பேண மனமும் பொருளும் உளவா? சிறுவர்க்குப் பரிசாகவோ, முன்பின் அறியாத வணிகர்க்கு விலையாகவோ கொடுத்தல் ஒருபோதும் தகாது. தக்காரைக் கண்டவழி, சட்டப்படி கைமாற்றத்தை அறிவித்து, அதன் அகவை, உணவு, உற்ற நோய், அஞ்சும் பொருள் ஆகியவற்றை ஏட்டில் எழுதி உடன் கொடுத்தல் வேண்டும். கொண்டு செல்லுங்கால், மெல்லிய துணிப்பையிலிட்டுக் காற்றுத்துளையுள்ள பெட்டியில் வைத்து, நண்பகல் வெயில் நீக்கிச் செல்லுதல் நலம். தொட்டபின் கைகழுவ மறவற்க. ஊர்வன சில நோய்க்கிருமிகளைச் சுமப்பன.

இவ்வூருக்கு இது புதிய பாடமும் அன்று. 1926இல் குமாரமங்கலத்து அன்பர் ஒருவர் இரமணாச்சிரமத்திற்கு ஒரு கன்றைக் கொணர்ந்தளித்தார். அதனைப் பேணுவார் யார் என்னும் வினா அன்றும் எழுந்தது. ஆச்சிரமத்தில் அக்காலத்து அதற்கு வசதியின்மையால், ஊரிலுள்ள ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படைக்கப்பெற்றது. பின்னர் அப்பசு பகலில் ஆச்சிரமம் வந்து மாலையில் ஊர் திரும்புவதை வழக்கமாகக் கொண்டதென்றும், காலம் வந்தபோது ஆச்சிரமத்திலேயே இடம் பெற்றதென்றும் கூறுவர். இலட்சுமி என்னும் அப்பசு 1948 ஜூன் 18இல் மறைந்தது. அதன் சமாதியை இன்றும் அங்குக் காணலாம். அருகே ஒரு மான், ஒரு நாய், ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளும் உள்ளன. ஓருயிரை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு அனுப்புதல் இழிவன்று. பேணுவார் யார் என்று தெளியாமல் அனுப்புதலே இழிவு.

தந்தையார் இருநாள் உறங்காது எண்ணி, மூன்றாம் நாட்காலை வன அலுவலகம் சென்று உண்மையை எழுதிக் கொடுத்தார். யாமும் உடன் சென்றோம். இக்கட்டுரை எழுதும் இந்நாள் வரை விடை வந்திலது. அஃது எங்ஙனம் வருமென யாம் அறியோம். இதற்கிடையே தமையனார் பெரியதொரு கூட்டிற்குப் பணம் அனுப்பியிருக்கின்றார். பாட்டியார் காலைதோறும் முருங்கைத் தழையும் செம்பருத்திப் பூவும் பறித்துத் தண்ணீரும் வைக்கின்றார். தக்க கை வந்து ஏற்குமளவும் நம் கையை விடாதிருத்தல் நம் கடன். விடுதலுக்கும் கைவிடுதலுக்கும் உள்ள வேற்றுமை அதுவே.