பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ஒன்பதாம் வகுப்பில் பாஸ்கல் விதியை நடத்திக்கொண்டிருந்தேன். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கடத்தப்படும். வண்டிகளின் பிரேக் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது என்று சொல்லி, கரும்பலகையில் ஒரு பெடலையும் நான்கு சக்கரங்களையும் வரைந்து முடித்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"மிஸ், எங்கப்பா வண்டியில பிரேக் புடிச்சா லெஃப்ட்ல இழுக்குது. அப்போ அழுத்தம் சமமா போகலையா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா லாரி மெக்கானிக். பள்ளி விட்டு வந்ததும் பட்டறையில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள் நான். சுமை ஏற்றிய வண்டி ஜி.எஸ்.டி. சாலையில் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். "அப்பாவை நாளைக்கு வண்டியோடு வரச் சொல்லும்மா" என்றேன்.

மறுநாள் மாலை வந்தார். நாம் குட்டியானை என்று அழைக்கும் டாடா ஏஸ். 2005-இல் இந்த வண்டி சந்தைக்கு வந்தபோது ஷேர் ஆட்டோவுக்கும் லாரிக்கும் இடையில் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், முக்கால் டன் சுமை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஓரகடம் வரைக்கும் காய்கறி, தண்ணீர் கேன், கல்யாணப் பாத்திரம் என்று இதில் ஏறாத பொருள் இல்லை. அவருடையது இரண்டாம் கையாக வாங்கியது. ஓடோமீட்டர் 1,86,000-இல் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 80 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் இன்னும் 72,000 கூட்ட வேண்டும். ஆக, 2,58,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஒரு பட்டறையில் எழுதிக் கொடுத்த பட்டியல்: இன்ஜின் வேலை 42,000, கிளட்ச் செட் 9,000, ரேடியேட்டர் 6,500, முன் டயர் இரண்டு 7,000, பிரேக் 5,500, கிங்பின் 4,500, பேட்டரி 5,500, டிங்கரிங்கும் பெயின்ட்டும் 12,000. மொத்தம் 92,000 ரூபாய்.

"அடுத்த மாசம் எஃப்.சி. டீச்சர். இதெல்லாம் செஞ்சாதான் வண்டி நிக்கும்ங்கிறாங்க. பெரியவன் பாலிடெக்னிக்ல ரெண்டாம் வருஷம் படிக்கிறான். அவனை நிறுத்திட்டு ஓரகடத்துல ஏதாச்சும் கம்பெனிக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்."

பட்டியல் எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய வண்டியில் ஒன்றைச் சரிசெய்து அனுப்பினால், அடுத்த வாரம் வேறொன்று கெட்டாலும் பட்டறைக்காரர் தலையில்தான் விடியும். அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவிடுவார்கள். என் அப்பாவும் எழுதியிருக்கிறார்.

"இந்தக் காகிதத்தை வகுப்பில் வைத்துப் பேசலாமா?" என்று அவரிடமும் மகளிடமும் கேட்டேன். இருவரும் சரி என்றார்கள். அடுத்த இரண்டு பாடவேளைகள் அதற்கே போயின. விலையை அழித்துவிட்டு, எட்டு வேலைகளை மட்டும் பலகையில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கொடுத்தேன். இதை விட்டால் ஆளுக்கு ஆபத்தா? ஆளுக்கு இல்லையென்றால், விட விட வேறொன்றையும் சேர்த்துக் கெடுக்குமா? இரண்டும் இல்லையென்றால் காத்திருக்குமா? எந்தப் பதிலைச் சொன்னாலும், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்பதற்கும் பதில் வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் மறைமலை நகரிலும் மஹிந்திரா சிட்டியிலும் வாகன உதிரிபாக வேலை செய்பவர்கள். வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து வழக்கறிஞர்கள் போல வாதாடினார்கள். ஒரு குழு பெயின்ட்டுக்கு முதலிடம் கொடுத்தது. "துரு தெரிஞ்சா எஃப்.சி.ல தள்ளிடுவாங்க மிஸ்!"

பிறகு சனிக்கிழமை அப்பாவின் பழைய சகா ஒருவரை அழைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தோம்.

முதலில் பிரேக். முன் வலச் சக்கரத்தைக் கழற்றினால், காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தது. மாணவியின் கேள்விக்கு விடை அங்கே இருந்தது. அழுத்தம் இரண்டு பக்கமும் சமமாகத்தான் போகிறது. வலப்பக்கத்தில் அதை வாங்கிக்கொண்டு நகர வேண்டிய பிஸ்டன் நகரவில்லை. இடச் சக்கரம் மட்டும் பிடிக்கிறது, வண்டி இடப்பக்கம் திரும்புகிறது. துரு எங்கிருந்து வந்தது? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஈரம் சேர்ந்த ஆயிலின் கொதிநிலையும் இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறினால் உள்ளே ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இந்த வேலையில் பேரம் கிடையாது.

அடுத்து முன் டயர்களும் கிங்பின்னும். டயரின் உள்விளிம்பு மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. டயர் பள்ளங்களுக்குள் சிறிய மேடுகள் இருக்கும். அவை 1.6 மி.மீ. உயரம் உடையவை. டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் சட்டப்படியே அது ஓடக் கூடாத டயர். எந்த ஆண்டு டயர் என்று அறியப் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயர் மாற்ற வேண்டியதுதான். ஆனால் ஒரு ஓரம் மட்டும் ஏன் தேய்ந்தது? சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். ஆடியது. மாணவியின் அப்பாவை பிரேக் பெடலை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டினோம். பெடலை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங்கில் கோளாறு, நிற்காவிட்டால் கிங்பின்னில். நிற்கவில்லை. கிங்பின்னை விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றியிருந்தால் புது டயரும் சில மாதங்களில் அதே போல் தேய்ந்திருக்கும். முதலில் கிங்பின், பிறகு டயர்.

தேர்வுத்தாள் திருத்தும்போது எனக்கு இந்தக் கிங்பின் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கழித்தலில் பதினைந்து தவறு செய்த பிள்ளைக்குப் பதினைந்து கணக்கையும் திரும்பச் செய்யச் சொல்வோம். கடன் வாங்கும் இடத்தில் பூஜ்ஜியம் வந்தால் என்ன செய்வது என்ற ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்திருக்காது.

42,000 ரூபாய் இன்ஜின் வேலைக்கு வருவோம். புகார் இரண்டு: மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை, புகை வருகிறது. புகை என்றால் என்ன நிறம்? நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. இங்கே கறுப்பு. ஏர் ஃபில்டரைத் திறந்தால் செம்மண்ணும் எம்-சாண்ட் தூசியும் அடையாக அப்பியிருந்தன. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தோம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அங்கிருந்து புகை குபுகுபுவென்று வரும். மெல்லியதாகத்தான் வந்தது. மாதத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் ஆயில் ஊற்றுகிறார். வேறொரு பட்டறையில் 600 ரூபாய் கொடுத்துக் கம்ப்ரஷன் பார்த்தோம். இரண்டு சிலிண்டரும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன, குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருந்தன. ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் மாற்றியதும் புகை பெருமளவு அடங்கியது.

ரேடியேட்டரும் அப்படித்தான். மூடியிலிருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. பிரஷர் குக்கரில் கேஸ்கெட் போனது போல. அழுத்தம் நின்றால்தான் தண்ணீரின் கொதிநிலை உயரும். நிற்காவிட்டால் சீக்கிரம் கொதித்து வெளியேறும். மூடியும் ஒரு ஹோஸும் கூலன்ட்டும் போதுமானதாக இருந்தன. (இன்ஜின் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது என்று வகுப்பில் இரண்டு முறை சொன்னேன்.)

நான் ஏமாந்த இடமும் ஒன்று உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்றதும் "பேட்டரிதான்" என்று வகுப்பிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். பள்ளி ஆய்வகத்து மல்டிமீட்டரை வைத்து மாணவியே அளந்தாள். நிற்கும்போது 12.5 வோல்ட், ஓடும்போது 13.9. பேட்டரியும் நலம், அதற்குச் சார்ஜ் ஏறுவதும் நலம். முனைகளில் பச்சைப் பூஞ்சை போல உப்புப் படிந்திருந்தது. சுடுநீரும் சமையல் சோடாவும் விட்டுக் கழுவி, இறுக்கி, வாசலின் தடவினோம். "எப்படித் தெரியும்னு நீங்க சொல்லலையே மிஸ்" என்றாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிளட்ச் வழுக்கவில்லை. மேல் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தத்தோடு வேகமும் ஏறியது. கேபிளைச் சரிசெய்ததோடு சரி.

இவ்வளவுக்கும் பிறகு, பட்டியலில் இல்லாத ஒன்றுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. வகுப்பில் வெல்டர் ஒருவரின் மகன், "அடியில பாத்தீங்களா மிஸ்?" என்று கேட்டிருந்தான். ஸ்க்ரூடிரைவரால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனோம். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடத்தருகே கணீரென்ற ஒலி போய் மொத்தென்று கேட்டது. அழுத்தினால் முனை உள்ளே இறங்கியது. தண்ணீர் கேன்களிலிருந்து ஆண்டுக்கணக்காகச் சொட்டிய ஈரம். முக்கால் டன் அந்த இடத்தில்தான் உட்காருகிறது. வெளியே கதவுக்குப் பெயின்ட் அடிக்க 12,000 கேட்ட பட்டியலில் இது இல்லை.

பிரேக், கிங்பின், டயர் 17,000, சேஸிஸ் வெல்டிங் 2,500, ரேடியேட்டர் மூடி, ஹோஸ், கூலன்ட் 1,200, ஃபில்டர்கள் 1,200, கம்ப்ரஷன் சோதனை 600, கிளட்ச் சரிசெய்யவும் பேட்டரி முனைக்கும் 500. கூட்டினால் 23,000. ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 96 காசு. ஏழாம் வகுப்பு ஆசிரியர் இதை விகிதக் கணக்காக வாங்கிக்கொண்டு போனார்.

இன்ஜின் வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2,58,000 கிலோமீட்டர் ஓடிய இன்ஜின் ஒரு நாள் கேட்கத்தான் செய்யும். எப்போது என்பதை அது முன்கூட்டியே காட்டும். ஆயில் குறையும் வேகத்தைக் கவனித்தால் போதும். அதற்கு முன் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்கலாம்.

எஃப்.சி. கிடைத்துவிட்டது. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டி என்பதால் அடுத்த ஆண்டும் போக வேண்டும். அண்ணன் பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறான். தங்கை ஞாயிறுதோறும் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, அளவைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்கிறாள். போன வாரம் வரைபடத் தாளில் வரைந்து கொண்டுவந்து காட்டினாள். முதல் ஐந்து மாதம் கோடு ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது. ஆறாவது மாதத்தில் கொஞ்சம் தலை தூக்கியிருக்கிறது.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன் மிஸ். சீட்டு கட்ட ஆரம்பிச்சிட்டாரு."