திண்ணைப் பள்ளியில் எண்ணும் எழுத்தும்

இளஞ்சிறார் ஒரு பருவத்தில் எவ்வெப் பாடங்களை எவ்வாறு பயில வேண்டும் என்னும் வினா இன்று கல்வித்துறையாரால் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகின்றது. தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை கொண்டுவரப்பட்டபோது, மொழி, கணக்கு, சூழ்நிலையியல் முதலிய பாடங்கள் பருவந்தோறும் ஓரிரு தொகுதிகளுள் ஒருங்கே அமைக்கப்பட்டன. 2022இல் தொடக்க வகுப்பினர்க்கெனத் தொடங்கப்பெற்ற திட்டம் 'எண்ணும் எழுத்தும்' என்னும் பழந்தொடரையே தன் பெயராகக் கொண்டது. பிரிந்து நின்ற பாடங்களை அண்மைப்படுத்தும் முயற்சிகள் இவை. அவை பிரியாது நின்ற காலமும் ஒன்று உண்டு. அக்காலத்துத் திண்ணைப் பள்ளியில் சிறார் கற்றவை யாவை, அக்கல்வி பொருளுணராத கிளிப்பாடம் என்னும் பழி எத்துணைப் பொருந்தும் என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கு என்னும் சொல்

முதற்கண் சொற்சான்றைக் காண்போம். இன்று 'கணக்கு' என்பது எண்ணைப் பற்றிய பாடத்தையே குறிக்கின்றது. ஆயின் தமிழ் எழுத்துகளின் வரிசைக்கு 'நெடுங்கணக்கு' என்று பெயர். 'கீழ்க்கணக்கு' என்பது நூல்தொகை ஒன்றின் பெயர். கற்பிக்கும் ஆசிரியர் 'கணக்காயர்' எனப்பட்டார். நக்கீரனாரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் எனப் பெயர் பெற்றமையை அறிவோம். எழுத்து, எண், நூல் என்னும் மூன்றனையும் ஒரு சொல் தழுவி நிற்றல் ஈண்டுக் கருதத்தக்கது. குறளும் கொன்றைவேந்தனும் எண்ணையும் எழுத்தையும் இணைத்துக் கண்ணாகக் கூறியது வெறும் அணிநயம் அன்று. கற்பிக்கும் வழக்கோடு ஒத்த கூற்றுமாகும்.

எழுத்துப் பயிற்சி

திண்ணைப் பள்ளியில் வகுப்பும் இல்லை, பருவமும் இல்லை. ஒரு சுவடியை முடித்தவன் அடுத்த சுவடியைத் தொடங்குவான். விரைந்து கற்பவனும் மெல்லக் கற்பவனும் ஒரே திண்ணையில் அமர்ந்து தத்தம் நடையில் சென்றனர். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ் சொல்லி வைத்தான். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' என்னும் நூலில் தம் இளமைக்காலப் பள்ளி வாழ்க்கையை விரித்துரைத்திருத்தலின், இம்முறையை நேரிற் கண்டாற்போல் அறிகின்றோம்.

முதற் சுவடி அரிச்சுவடி. சிறுவன் மணலைப் பரப்பி, எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் அதன் வடிவை எழுதினான். வாய், செவி, கண், கை என்னும் நான்கும் ஒருங்கே தொழிற்பட்டன. ஓலையும் எழுத்தாணியும் பின்னரே வந்தன. இம்மணலெழுத்து முறையைச் சென்னையிற் கண்ட ஆண்ட்ரு பெல் என்பார், தாம் நடத்திய ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் அதனைக் கைக்கொண்டு, 1797இல் இலண்டனில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பிற்காலத்து இங்கிலாந்தில் 'சென்னை முறை' என வழங்கிய கல்விமுறை இதன்வழித் தோன்றியதாகும்.

எழுத்தறிந்த சிறுவன் அடுத்து ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் ஓதினான். இவற்றின் அடிகள் நெடுங்கணக்கு வரிசையில் தொடங்குவன. ஆதலின் அறநூலை ஓதுங்கால் எழுத்துவரிசையும் உடன் வலியுறுகின்றது. எழுத்துப்பாடம் எங்கு முடிந்தது, அறப்பாடம் எங்குத் தொடங்கியது என வரையறுத்தல் இயலாது. எண்ணோடும் இத்தகைய உறவு உண்டு. தமிழ் எண்குறிகளுள் ஒன்று ககரத்தையும், இரண்டு உகரத்தையும், ஏழு எகரத்தையும், எட்டு அகரத்தையும், பத்து யகரத்தையும் ஒத்த வடிவின. ஆகவே மணலில் எழுத்தெழுதிப் பழகிய விரலுக்கு எண்குறி புதிய சுமையாக இருந்திலது.

எண்சுவடி

எண்ணைக் கற்பித்த நூல் எண்சுவடி. பேரெண்கள், சிற்றெண்கள், பெருக்கல் வாய்பாடுகள், நெல்லிலக்கம், குழிமாற்று முதலியன அதன் பகுதிகள். இன்றைய மாணவர் தொடக்க வகுப்புகளின் இறுதியிலே சந்திக்கும் பின்னங்களை அன்றைய சிறுவன் கல்வியின் தொடக்க நிலையிலேயே மனனஞ் செய்தான். இஃது எவ்வாறு இயன்றது என்பதற்குப் பின்னங்களின் பெயர்களே விடையாகும்.

முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி அரைக்காணி. இரண்டு அரைக்காணி காணி, அஃதாவது 80இல் ஒரு பங்கு. மூன்று காணி முக்காணி. நான்கு காணி ஒரு மா, அஃதாவது 20இல் ஒரு பங்கு. ஐந்து மா கால். மாவும் காணியும் கூடினால் மாகாணி. அது 16இல் ஒரு பங்கு. காலிற் பாதி அரைக்கால். பெயரைச் சொல்லும்போதே கூட்டலும் பகுத்தலும் சொல்லப்படுகின்றன. 'மாகாணி' என்பவன் தன்னையறியாமலே ஒரு கணக்கைச் செய்துவிடுகின்றான். பகுதி, தொகுதி என எண்ணின்மேல் எண் வைத்தெழுதும் இக்கால முறையில் இவ்வுதவி சொல்லளவிற் கிடைப்பதில்லை.

இனி, இப்பின்னங்கள் வெற்றெண்களாகவும் நிற்கவில்லை. தஞ்சைப் பகுதியில் ஒரு வேலி நிலம் இருபது மா. ஒரு மா நூறு குழி. 20இல் ஒரு பங்கைக் குறிக்கும் சொல்லே நிலத்தின் அளவையும் குறித்தது. குழிமாற்று கற்ற சிறுவன், பதினாறு கோல் நீளமும் பதினாறு கோல் அகலமும் உடைய நிலம் 256 குழி என்றும், அது 2 மா 56 குழி என்றும் கூற வல்லவனானான். நெல்லிலக்கத்தின் நிலையும் இதுவே. இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி, எட்டு நாழி குறுணி, பன்னிரண்டு குறுணி கலம் என அது செல்லும். ஒரு கலம் 96 நாழியாதலின், கலத்துக்கு மாகாணி கூலி என்றால் அஃது ஆறு நாழி. களத்தில் அளக்கப்படும் நெல்லே அவ்வாய்பாட்டுக்கு உரையாக இருந்தது.

கிளிப்பாடம் என்னும் பழி

பல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்த காம்பெல் என்பார் 1823இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி இருவேறு கருத்துகளைக் கூறியுள்ளார். செலவு குறைந்த எழுத்துப் பயிற்சியையும், மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அவர் பாராட்டினார். பேச்சு வழக்கினின்றும் வேறுபட்ட செய்யுள் நடையில் நூல்கள் அமைந்திருத்தலின், சிறுவர் பொருளறியாமல் ஒப்பிக்கின்றனர் எனக் குறையுங் கூறினார். அவர் கண்டவை தெலுங்கு, கன்னடப் பகுதிப் பள்ளிகளேயாயினும், செய்யுளை முதலில் ஓதும் வழக்கம் தமிழ்ப் பள்ளிகளுக்கும் உரியதாதலின் அக்குறையை ஈண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செய்யுட் பகுதியைப் பொறுத்தவரை அக்குறையை முற்றும் மறுத்தல் இயலாது. வெற்றிவேற்கை, மூதுரை போல்வன சொல்லாக முதலிலும் பொருளாகப் பின்னரும் சிறுவனை அடைந்தன. பொருள் விளங்கும் வரை பள்ளியில் நிலைக்காதார்க்கு அவை ஒலியளவிலே நின்றிருக்கக் கூடும். எண்சுவடிக்கோ இப்பழி அத்துணைப் பொருந்தாது. அங்கு மனனஞ் செய்யப்பட்டது, மறுநாளே வயலிலும் களத்திலும் கடையிலும் பயன்படுவது. செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆங்கில நூலிலும், திண்ணைப் பள்ளிகளில் நினைவாற்றல் கற்றலின் கருவியாகவே நின்றது என்னும் கருத்து நிறுவப்பெறுகின்றது. ஆயினும், சுவடிகள் எது கற்பிக்கப்பட்டது என்பதையே காட்டும். ஒவ்வொரு சிறுவனும் எதனைக் கற்றான் என்பதைக் காட்டமாட்டா. இவ்வெல்லையை ஆராய்வார் மறத்தலாகாது.

கல்லாதார்

பழமையைப் போற்றுவார் மறைத்தற்கியலாத உண்மை ஒன்று உண்டு. சென்னை மாகாண ஆளுநர் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் தொகுத்த கணக்கின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அவருள் பெண்மக்கள் 4,540 பேரே. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர்க்கு அத்திண்ணை எட்டாததாகவே இருந்தது. நெல்லை விளைவித்தவர் பலருடைய மக்கள் நெல்லிலக்கம் கற்றிலர். தம் கூலியைப் பிறர் கணக்கிட ஏற்றுக்கொண்டனர். எண்சுவடியின் நயத்தை உரைக்குங்கால் இதனையும் உடன் உரைத்தலே நேர்மையாகும். எல்லார்க்கும் பொதுவான பள்ளி என்னும் பேறு பிற்காலத்தது. அதனை விட்டுக் கொடுத்துப் பழைய திண்ணையை விழைதல் தகாது.

நாம் செய்யத்தக்கன

1957 ஏப்ரலில் பதின்ம நாணயமும், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் படிப்படியாக மெட்ரிக் அளவைகளும் நடைமுறைக்கு வந்தபின் எண்சுவடி பயன்பாடற்றுப் போயிற்று. அளவைகள் மாறியது நன்றே. நாடு முழுவதற்கும் ஓரளவை வேண்டும். ஆனால் எண்சுவடியோடு ஒரு சொற்களஞ்சியமும் மறைந்தது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நில அளவு வேலி, மா, காணி, முந்திரி என இறங்கிக் கீழ்முந்திரி வரை நுணுகிச் செல்லும். முந்திரியில் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. அஃதாவது 1,02,400இல் ஒரு பங்கு. முன்னாளில் சிறுவர் அறிந்த இவ்வளவை இன்று முதுகலை மாணவர்க்கும் அகராதி கொண்டே விளங்குகின்றது.

2019இல் ஒருங்குறித் தரத்தில் தமிழ்ப் பின்னக்குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 குறியீடுகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே எண்சுவடிகளைக் குறி பிறழாது பதிப்பித்தற்கு இருந்த தடை பெரிதும் நீங்கியது. சுவடி நூலகங்களில் உள்ள எண்சுவடிகளை வட்டாரந்தோறும் ஒப்பிட்டு, அளவைச்சொற்களுக்கு விளக்கத்துடன் பதிப்பித்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். பாடநூல் அமைப்பாரும் அவற்றினின்று கொள்ளத்தக்கது உண்டு. பாடங்களை ஒரே தொகுதியாகக் கட்டுதலால் மட்டும் அவை ஒன்றுபடா. ஒரு சொல்லே எழுத்தாகவும் எண்ணாகவும் சிறுவன் கண்முன் உள்ள பொருளாகவும் நிற்குமிடத்து அவை தாமே ஒன்றுபடும்.