ஐநூறைத் தாண்டாத வீடு

2023 மே மாதம். கத்திரி வெயில் இறங்கி, இரவு பத்து மணிக்கும் சுவர் சுட்டுக்கொண்டிருந்த நாட்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டரை என் மகள் செல்போன் வெளிச்சத்தில் பார்த்துச் சொன்னாள்: "18,796 அம்மா."

சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் எழுதிக்கொண்டேன். மின்வாரியத்தின் வெள்ளை அட்டையில் கடைசியாகக் குறித்திருந்தது 18,412. ரீடிங் எடுத்து 45 நாள் ஆகியிருந்தது. அதற்குள் 384 யூனிட். நாளுக்கு எட்டரை யூனிட். இதே வேகத்தில் போனால் அறுபதாவது நாள் 512-ல் போய் நிற்கும்.

ஐநூறுக்கு மேல் பன்னிரண்டே யூனிட்தானே என்று தோன்றும். அந்தப் பன்னிரண்டின் விலை எவ்வளவு தெரியுமா? 321 ரூபாய்.

பன்னிரண்டு யூனிட், 321 ரூபாய்

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10-ம் தேதி அமலுக்கு வந்த மின் கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறுக்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. கடைசி நூறுக்கு 6 ரூபாய். சரியாக 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய்.

ஐநூறைத் தாண்டியதும் கணக்கே வேறு. 501-வது யூனிட்டிலிருந்து 8 ரூபாய் என்பது மட்டுமல்ல, ஏற்கெனவே எரித்துவிட்ட இரண்டாவது நூறுக்கான சலுகை விலையும் போய்விடும். 2.25 இருந்த இடத்தில் 4.50 வந்து உட்காரும். 512 யூனிட்டுக்குப் பில் 2,046 ரூபாய்.

2024 ஜூலையில் யூனிட் விலை இன்னும் ஏறியது. யூனிட் வரம்புகளின் படிக்கட்டு மட்டும் அப்போது மாறவில்லை. "போன தடவை ஆயிரத்து எழுநூறு, இந்தத் தடவை எப்படி ரெண்டாயிரத்துக்கு மேலே வந்தது? மீட்டர் கோளாறா?" என்று கேட்பவர்களில் பலருக்கு மீட்டர் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. அவர்கள் ஒரு கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள். தாண்டியது பில் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

விலைவாசி ஏறும் காலத்தில் வீட்டுச் செலவைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதுதான். பில் என்பது முடிந்துபோன நாட்களின் கணக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வருத்தப்படலாம், கட்டலாம், வேறொன்றும் செய்ய முடியாது. மாற்ற முடிகிற எண் மீட்டரில் இருக்கிறது, அதுவும் நாற்பத்தைந்தாவது நாளில்.

எங்கள் வீட்டில் அன்று போட்ட கணக்கு இப்படி: 15 நாளுக்கு 116 யூனிட் மிச்சம். நாளுக்கு எட்டரைக்குப் பதில் ஏழே முக்கால் யூனிட்டுக்குள் ஓட்டினால் போதும். குறைக்க வேண்டியது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடினாலே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறப்பது என்று முடிவு செய்தோம். புழுங்கிச் சாக வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

எது எவ்வளவு தின்கிறது?

மின்சாரத்தைச் சேமிக்கச் சொன்னால் உடனே நம் கை லைட் சுவிட்சுக்குத்தான் போகும். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு பத்து மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பார்க்க வேண்டியது சூடாக்கும், குளிரூட்டும், நாள் முழுக்கச் சுற்றும் பொருட்களை.

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். தினமும் 16 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் அதே வேலைக்கு 29 யூனிட் எடுக்கும். ஒரு ஃபேனில் 43 யூனிட் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் சுற்றும் ஹால் ஃபேனை முதலில் மாற்றுங்கள். இரண்டு கிலோவாட் கீஸர் தினமும் அரை மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் ஆறு சதவீதம் மிச்சமாகும் என்கிறது, நட்சத்திரக் குறியீடு வழங்கும் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு.

ரீடிங் எடுக்க வருபவர் தாமதமாக வந்தால், அறுபதாவது நாள் மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு அலுவலகத்தில் பேச அது உதவும். புகார் சொல்ல மின்னகம் எண் 94987 94987 இருக்கிறது.

காலண்டரில் சிலிண்டர்

அதே காலண்டரில் என் அம்மா காலத்திலிருந்து எழுதிவரும் இன்னொரு குறிப்பு உண்டு: 'சிலிண்டர் மாற்றியது.' நம் ஊரில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது. அடுத்த சிலிண்டர் எப்போது புக் செய்வது என்பதற்காக எழுதுகிறோம். அதே குறிப்பு செலவையும் காட்டிக்கொடுக்கும். 45 நாள் வந்த சிலிண்டர் 38 நாளில் தீர்ந்தால், டியூபில் கசிவா, பர்னரில் அடைப்பா, எடையே குறைவா என்று கேட்க வேண்டிய நேரம் அது. சிலிண்டரின் மேல்பகுதியில் வெற்று எடை அச்சிட்டிருக்கும். அதோடு 14.2 கிலோ சேர்த்து இருக்கிறதா என்று, கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

சென்னையில் 2023 மார்ச்சில் ஒரு சிலிண்டர் 1,118.50 ரூபாய். அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 குறைந்தது, 2024 மார்ச்சில் 100 குறைந்தது, 2025 ஏப்ரலில் 50 ஏறியது. இந்த விலை நம் கையில் இல்லை. கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போடுவதும், பருப்பையும் சோற்றையும் ஒரே குக்கரில் அடுக்குவதும் நம் கையில் இருக்கிறது.

அதே காலண்டர் கணக்கில், செல்போனுக்கு மட்டும் வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். 28 நாள் ரீசார்ஜ் என்றால் 364 நாளுக்குப் பதின்மூன்று தடவை பணம் போட வேண்டும். 2024 ஜூலையில் ஜியோவின் 239 ரூபாய் திட்டம் 299 ஆனது. அறுபது ரூபாய்தான் என்று விட்டால், ஒரு போனுக்கு வருடத்துக்கு 780 ரூபாய் கூடுதல். வீட்டில் மூன்று போன் இருந்தால் பெருக்கிப் பாருங்கள்.

தனி மீட்டர் இல்லாதவர்கள்

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. மேலே போட்ட மின் கணக்கெல்லாம் தன் பெயரிலோ, தன் போர்ஷனுக்கென்றோ தனி மின் இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். நகரங்களில் எத்தனையோ வாடகை வீடுகளில் இருப்பது சப் மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று வீட்டு உரிமையாளர் சொல்வதுதான் விலை.

2022 கட்டணத்தில் 200 யூனிட் செலவழித்த வீட்டுக்கு பில் 225 ரூபாய். சப் மீட்டரில் எட்டு ரூபாய் வீதம் அதே 200 யூனிட்டுக்கு 1,600 ரூபாய். ஒற்றை அறையில் ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் ஒரு டி.வி.யும் வைத்திருக்கும் குடும்பம், அரசு தரும் இலவச யூனிட்டைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. அவர்களிடம் போய் சிக்கனமாக இருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே வீணாகிற மின்சாரம் இல்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய சலுகைதான் போகிறது.

வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வசதியைக் கேட்பதுபோல, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தனி மீட்டரா, சப் மீட்டரா என்று கேளுங்கள். சப் மீட்டர் என்றால், வெள்ளை அட்டையைக் காட்டி உண்மையான பில்லைப் பங்கிட முடியுமா என்று பேசுங்கள். வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வாடகையை வாடகையாக வாங்குங்கள், மின்சாரத்தில் லாபம் பார்க்காதீர்கள்.

மூன்று கையெழுத்து

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கெல்லாம் ஒரு பெண்ணின் தலைக்குள்தான் ஓடுகிறது. சிலிண்டர் எப்போது தீரும், ரேஷனில் பருப்பும் பாமாயிலும் வந்ததா, எந்த போனுக்கு எப்போது ரீசார்ஜ் என்பதெல்லாம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் மிச்சம் பிடிக்கச் சொல்லும் கெட்ட பெயரும் அவளுக்கே வருகிறது. "ஏ.சி.யை அணை" என்று அம்மா சொன்னால் அது நச்சரிப்பு. "இன்னும் ஒன்பது நாள், அறுபத்தெட்டு யூனிட்தான் இருக்கு" என்று மகளே படித்துச் சொன்னால் அது வீட்டின் கணக்கு.

அந்த மே மாதம் 494-ல் முடித்தோம். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது காலண்டர் தாள்தான். நாற்பத்தைந்தாவது நாள் எழுதியது நான். அடுத்த வாரம் மகள் எழுதியிருந்தாள். அறுபதாவது நாளுக்கு நேராக இருந்த எண், பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்காத என் கணவரின் கையெழுத்து.