பின்னங்களைக் கூட்டலும் சுருக்கலும்

1/2, 1/3 ஆகியவற்றைக் கூட்டும்போது, தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டி 2/5 என விடை எழுதுவோர் உண்டு. 2/5 என்பது அரையைவிடச் சிறியது. அரையோடு வேறொன்றைச் சேர்த்தபின் கூடுதல் அரையினும் குறைதல் இயலாது. அளவில் வேறுபட்ட கூறுகளை ஒன்றாக எண்ணியதே பிழைக்குக் காரணம். பின்னத்தின் பகுதி, கூறின் அளவைக் காட்டும். தொகுதி, அக்கூறுகளின் எண்ணிக்கையைக் காட்டும். அளவு ஒன்றான பின்னரே எண்ணிக்கையைக் கூட்டலாம். எனவே, 3/6 + 2/6 = 5/6 என்பதே சரியான விடை.

தமிழர் கணக்கில் பொது அளவு

தமிழர் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கினர். 1/16 மாகாணி, 1/20 மா, 1/80 காணி, 1/320 முந்திரி. ஒரு மாவையும் ஒரு மாகாணியையும் கூட்ட, இரண்டையும் முந்திரியாக மாற்றலாம். ஒரு மா 16 முந்திரி; ஒரு மாகாணி 20 முந்திரி; கூடுதல் 36 முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணியாதலின், விடை ஒன்பது காணி, அதாவது 9/80. இங்கு முந்திரி பொதுப் பகுதியாக நின்று உதவுகிறது.

இயற்கணிதப் பின்னங்கள்

பகுதியில் மாறி இடம்பெறும்போதும் நெறி இதுவே. முதலில் பகுதிகளைக் காரணிப்படுத்த வேண்டும். அடுத்து அவற்றின் மீச்சிறு பொது மடங்கைக் காண வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பின்னத்தையும் அப்பகுதிக்கு மாற்றித் தொகுதிகளைக் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டு:
1/(அ+1) + 2/(அ²−1)

அ²−1 = (அ+1)(அ−1) ஆதலின், அதுவே மீச்சிறு பொது மடங்கு.

= (அ−1)/(அ²−1) + 2/(அ²−1)
= (அ+1)/[(அ+1)(அ−1)]
= 1/(அ−1)

அ = 3 எனக் கொண்டால், 1/4 + 2/8 = 1/2; சுருங்கிய வடிவமும் 1/2 தருகிறது. இவ்வாறு ஓர் எண்ணைப் பதிலிட்டு விடையைச் சரிபார்த்தல் நன்று.

சுருக்குதலில் கவனம்

தொகுதிக்கும் பகுதிக்கும் பொதுவான காரணியை மட்டுமே நீக்கலாம்; கூட்டப்பட்ட உறுப்பை நீக்கலாகாது. (அ+2)/2 என்பதில் இரண்டை அடித்துவிட்டு ‘அ’ என எழுதுவது தவறு. அ = 4 எனில் இதன் மதிப்பு 3; தவறான விடையோ 4 எனக் காட்டும்.

விலக்கப்பட்ட மதிப்பு

சுழியால் வகுத்தல் வரையறுக்கப்படவில்லை. முந்தைய எடுத்துக்காட்டில் அ = 1, அ = −1 ஆகிய இரண்டு மதிப்புகளும் விலக்கப்பட வேண்டியவை. சுருங்கிய வடிவத்திலோ அ = 1 மட்டுமே தடையாகத் தெரிகிறது. அதில் அ = −1 எனப் பதிலிட்டால் −1/2 கிடைக்கும்; ஆயினும் தொடக்கக் கோவைக்கு அவ்விடத்தில் மதிப்பே இல்லை. காரணி நீங்கினாலும் அது விதித்த நிபந்தனை நீங்குவதில்லை. ஆதலின் 1/(அ−1), அ ≠ 1, அ ≠ −1 என எழுதும்போதே விடை முழுமை பெறுகிறது.